ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1 பைனாகுலர்: பொட்டல் காட்டில் கண்கிலேடி தேட

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் கண்கிலேடி என்ற தரைப்பறவையைத் தேடக் கிளம்புகிறவர்கள் கடையில் 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) தான் கேட்கிறார்கள். பெரிதாகக் காட்டினால் பறவை சீக்கிரம் அகப்படும் என்ற நினைப்பு. தரைப்பறவைக்கு அது சரிவராது. காய்ந்த புல்லின் நிறத்தில், உடைமர நிழலில் அசையாமல் உட்கார்ந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். பெரிதாக்கிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

8×40-இன் பார்வைக்கோணம் 8.2 டிகிரி. 50 மீட்டர் தள்ளி ஏழு மீட்டர் அகலம் ஒரேயடியாகக் கண்ணுக்குள் வரும். இதே வரிசையின் 10×50-இல் 6.5 டிகிரிதான், ஆறு மீட்டருக்கும் குறைவு. கை நடுக்கமும் கானலும் அதில் கூடுதலாகத் தெரியும். எடை 855 கிராம். 8×40 என்றால் 710.

இது போரோ வகை. முன் லென்ஸ்கள் இரண்டும் அகலத் தள்ளி இருப்பதால் புதர் தனியாக, அதன் முன்னால் இருக்கும் உருவம் தனியாக ஆழம் பிரிந்து தெரிகிறது. பொட்டலுக்கு இதை வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவு வையுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது ஐபீஸ் (கண்ணருகே வரும் லென்ஸ்) வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தலைவலி வரும்.

விடிந்ததும் வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் பட்டை பட்டையாக, முந்தின பட்டையைக் கொஞ்சம் தொட்டபடியே நகர்த்துங்கள். ஒவ்வொரு நிழலிலும் சற்று நிறுத்துங்கள். முழுப் பறவையைத் தேடாதீர்கள். உருண்டை மஞ்சள் கண்ணும் மஞ்சள் காலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெயில் ஏறித் தரை நெளிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பைனாகுலரும் உதவாது. பறவை தலையைத் தாழ்த்திக் குனிந்தபடி ஓடினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம், பின்வாங்கிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. மழை தாங்காது. நான்கு மீட்டருக்குள் தெளிவு கிடைக்காது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் வளையத்தை மடித்துப் பார்த்தாலும் ஓரம் வெட்டுப்படும். அவர்கள் இன்னொன்று பார்ப்பதே நல்லது. செம்மண் தூசி படிந்தால் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். மணல் துகள் லென்ஸ் பூச்சைக் கீறிவிடும். பிளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதித் தள்ளிவிட்டு, பிறகுதான் லென்ஸ் துணி.