ஊர் ஆவணம்: அசலைச் சேர்ப்பதா, ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுப்பதா?

குளச்சல் பக்கம் ஊர்ப் போட்டோ, பத்திரம், கல்யாண நோட்டீஸ் சேர்க்க இரண்டு வழி. வாசகசாலை அறையில் அசலையே வாங்கி வைக்கலாம். இல்லையென்றால் ஸ்கேன் எடுத்துவிட்டு வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

அசல் கையில் இருந்தால் சந்தேகம் வரும்போது திரும்பப் பார்க்கலாம். ஆனால் கடலோர ஈரம், இரண்டு மழைக்காலம், கரையான்! பீரோ வாங்கியதோடு வேலை முடியாது. அதோடு, பாட்டியின் ஒரே போட்டோவை யார் கொடுப்பார்கள்?

ஸ்கேன் என்றால் தயங்காமல் தருகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். ஒரு போட்டோவின் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டோம். பின்னால் பென்சிலில் ‘1132 ஐப்பசி’ என்றிருந்தது. கொல்லம் ஆண்டு அது, இந்தப் பக்கம் வழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு; ஆங்கில ஆண்டில் 1956. முன்பு திருவிதாங்கூரில் இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-ம் அதே ஐப்பசியில்தான். அந்த வரி விட்டுப்போனால் அது வெறும் கும்பல் படம்.

என் ஓட்டு ஸ்கேனுக்கே. இரண்டு பக்கமும், குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக. திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரம் என்றால் படிக்கத் தெரிந்த பெரியவரை அன்றே பக்கத்தில் உட்கார வையுங்கள். கோப்புகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்காமல் வீட்டுவாரியாகவே அடுக்குங்கள். எந்தப் பெட்டியில் எதோடு கிடந்தது என்பதும் ஒரு தகவல். ஹார்டு டிஸ்க் இரண்டு, இரண்டும் வேறுவேறு ஊரில். வாரிசில்லாத வீட்டுப் பெட்டி வந்தால் மட்டும் அசலை வாங்கிக்கொள்ளலாம்.