தணல், தாச்சி, மண்சட்டி: மீனை எதில் சமைப்பது?

"சுட்ட மீன் வேண்டாம், கான்சர் வருமாம். பொரிச்சே தாங்கோ" என்று போன கிழமை மாமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொரியலை நம்பியதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

தணலில் இரண்டு கெடுதிகள் நடக்கும். மீன், இறைச்சித் தசையில் இருக்கும் கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் ஹெட்டெரோசைக்ளிக் அமீன்கள் என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருள்கள் உண்டாகின்றன. இவற்றைக் கருகிய மீனில் 1970களில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். மற்றது புகை. பாசையூரில் வாங்கிய சூடை மீனைக் கம்பி வலையில் போட்டுப் பாருங்கள். மீனின் நெய், அதாவது கொழுப்பு, சொட்டும், தணல் சுர்ரென்று சீறும், சுவாலை எழும்பும், கறுத்த புகை திரும்பி மீனிலேயே படியும். அந்தப் புகையில் உள்ள பென்சோபைரீனை, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புற்றுநோய் தரும் பொருள்களின் 1ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஒரு துண்டு மீனில் எவ்வளவு ஆபத்து என்ற கணக்கு அதில் இல்லை.

சரி, தாச்சியில் எண்ணெய் விட்டுப் பொரித்தால்? நெய் நெருப்பில் விழாது, புகையும் படியாது. அந்தளவில் நல்லது. ஆனால் எண்ணெய் 170, 180 பாகைக்குச் சூடேறும்போது அதே அமீன்கள் இங்கேயும் உண்டாகும். மொறுமொறுப்புக்காகக் கறுக்க விட்டால் இன்னும் கூடும். அதோடு, கடுஞ்சூட்டில் பொரிக்கும்போது எழும் ஆவியையும் அதே நிறுவனம் 2ஏ பிரிவில், அதாவது புற்றுநோய் தரக்கூடும் என்று, சேர்த்திருக்கிறது. சாப்பிடுகிறவரை விட, யன்னல் சாத்திய அடுப்படியில் நாள்தோறும் நிற்கிறவருக்காகத்தான் நான் கவலைப்படுகிறேன்.

மண்சட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழப்புளிக் குழம்போ சொதியோ, தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். அமீன்கள் உருவாக அந்தச் சூடு போதாது. அன்றாடச் சாப்பாட்டுக்கு என் தேர்வு இதுதான்.

அதற்காகச் சுட்ட மீனை அடியோடு கைவிடச் சொல்லமாட்டேன், எப்போதாவது என்றால். சிரட்டை எரிந்து சுவாலை அடங்கி, தணல்மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். நெய்ச் சூடைக்குப் பதில் விளைமீன் எடுங்கள். தேசிக்காய்ப் புளி, உள்ளி, மஞ்சளில் ஊறவைத்தால் அமீன்கள் குறையும். வாழையிலையில் சுற்றினால் நெய் சொட்டாது, புகையும் நேரே படாது. கருகிய இடத்தைக் கிள்ளி எறியுங்கள். பிறந்தநாள் பார்பிக்யூவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சொசேஜ் வேறு கதை. பதப்படுத்திய இறைச்சி 2015இலேயே 1ஆம் பிரிவுக்குப் போய்விட்டது, சுடாவிட்டாலும் அப்படித்தான்.

சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்கு மாமி பயப்படத் தேவையில்லை. கத்தரிக்காயில் கிரியேட்டின் கிடையாது. கருகிய தோலையும் உரித்துப் போட்டுவிட்டுத்தானே பிசைகிறோம்.