பழைய மஸில் காருக்கு டிரெமெக் டிகேஎக்ஸ்: பாக்ஸ் அருமை, பொருத்துவதில்தான் சூட்சுமம்

3.73 ஆக்ஸில் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வைக்கும் பின் அச்சு) போட்ட பழைய கமாரோவோ ஷெவெலோ நெடுஞ்சாலையில் ஏன் இப்படிக் கத்துகிறது? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். டயர் உயரம் 26 அங்குலம், வேகம் மணிக்கு 65 மைல் என்று வையுங்கள். நாலாவது கியர் நேர் கியர் (என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்), அதனால் என்ஜின் நிமிடத்துக்கு சுமார் 3,130 சுற்று ஓடும். அதே காரில் டிரெமெக் நிறுவனத்தின் ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸான டிகேஎக்ஸ் இருந்து, அதன் ஐந்தாவது கியர் 0.68 ஓவர்டிரைவ் (ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் 0.68 சுற்று) என்றால் 2,130. ஆயிரம் சுற்று குறைகிறது. இந்த ஆயிரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

டிரெமெக்கின் முந்தைய டிகேஓ வரிசைக்கு மாற்றாக 2020-ல் வந்த பாக்ஸ் இது. 600 பவுண்டு-அடி டார்க் தாங்கும், 8,000 சுற்று வரை கியர் மாற்றலாம் என்பது டிரெமெக் தரும் அளவு. டிகேஓவும் பலமானதுதான். ஆனால் சுற்று ஏறிய நேரத்தில் அவசரமாகக் கியர் போட்டால் முரண்டு பிடிக்கும். சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) மாற்றியமைக்கப்பட்ட டிகேஎக்ஸில் அந்தக் குறை பெருமளவு தீர்ந்திருக்கிறது. மேல்பாகமும் ஒடுங்கியிருப்பதால் 1960களின் கார்கள் பலவற்றில் டனலை (பாக்ஸுக்கு மேலே தரையில் உள்ள மேட்டை) அறுக்கும் வேலை இல்லை. சிலவற்றில் சுத்தியலால் தட்டி இடம் செய்தால் போதும். பழைய மஸ்டாங்குகளில் கிடைக்கும் டி-5 பாக்ஸ் எடை குறைவு, செலவும் குறைவு. ஆனால் அது தாங்குவது சுமார் 300 பவுண்டு-அடிதான். மிதமான சின்ன வி8-க்கு அது போதும், பெரிய பிளாக் வி8-க்கு வேண்டவே வேண்டாம்.

முதல் கியர் விகிதம் 3.27-ஆ 2.87-ஆ என்பதை ஆக்ஸிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் கியரையும் ஆக்ஸிலையும் பெருக்கினால் 10-க்கும் 11-க்கும் நடுவில் வருவது தெருவில் ஓட்டச் சுகம். 3.73-க்கு 2.87 சரி (10.7). அதே ஆக்ஸிலுக்கு 3.27 வாங்கினால் 12.2 வரும், கார் நகர்ந்த உடனே இரண்டாவது கேட்கும். 3.08 ஆக்ஸிலுக்கு 3.27-தான் பொருத்தம், அதோடு வரும் ஓவர்டிரைவ் 0.72. பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட என்ஜின் என்றால் 3.08-ஓடு 0.68 சேர்க்காதீர்கள். 65 மைலில் 1,760 சுற்றுக்கு இறங்கி வண்டி திணறும்.

பாக்ஸ் மட்டும் வாங்கினால் வேலை ஆகாது. கிளட்ச் தட்டில் நுழையும் இன்புட் ஷாஃப்ட் 26 ஸ்ப்லைன் (தண்டின் நீளவாட்டுப் பற்கள்). பழைய ஜிஎம் நாலு கியர் பாக்ஸான எம்-20 மன்ஸியின் 10 ஸ்ப்லைன் கிளட்ச் தட்டு இதில் ஏறாது. அவுட்புட் 31 ஸ்ப்லைன், ஆகவே பழைய 27 ஸ்ப்லைன் ஸ்லிப் யோக்கும் (பின் ஷாஃப்டின் முன்முனை இணைப்பும்) வீண். ஆட்டோமேட்டிக்காக இருந்த கார் என்றால் ஃபிளைவீல், கிளட்ச் பெடல், பைலட் புஷ் (இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் சிறு வளையம்) எல்லாம் புதிதாக வேண்டும். கிராங்கின் பின்முனையில் பைலட் புஷ்ஷுக்கு ஓட்டை கடைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஃபோர்டு சின்ன வி8 வைத்திருப்பவர்கள் ஃபிளைவீலின் சமன் எடையை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். பழைய 289, 302-க்கு 28 அவுன்ஸ், 1980களில் வந்த 5.0-க்கு 50 அவுன்ஸ். மாற்றிப் போட்டால் கார் முழுக்க அதிரும்.

இனி பெல்ஹவுசிங், அதாவது என்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு. பலர் தவிர்ப்பதும், பிறகு பாக்ஸைக் குறை சொல்வதும் இங்கேதான். இன்புட் ஷாஃப்டின் ஒரு முனை கிராங்கில், மறுமுனை பாக்ஸின் முன் பேரிங்கில். இரண்டு மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கியர் இறுகும், சத்தம் வரும், பைலட் புஷ் ஒரு பக்கமாகத் தேயும், சில நேரம் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். பிளாக்கின் பின்முகத்தில் பெயிண்டும் துருவும் இல்லாமல் சுரண்டுங்கள். ஒரு பெயிண்ட் செதில் சிக்கினாலும் அளவு பொய்யாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் கிராங்க் லேசாகச் சுழலும். நுண்ணிய விலகலை ஊசியில் காட்டும் டயல் இண்டிகேட்டரின் காந்த அடியை ஃபிளைவீலில் ஒட்டி, முனையைப் பெல்ஹவுசிங்கின் நடு ஓட்டை விளிம்பில் தொடவிட்டு, கிராங்கை ஒரு முழுச்சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஊசியின் மொத்த ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது ஐந்து தௌக்குள் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். விலகல் அதில் பாதிதான். 14 தௌ ஆடினால் மையம் 7 தௌ விலகியிருக்கிறது என்று பொருள். 7 தௌ ஆஃப்செட் டவல் பின் (பெல்ஹவுசிங்கை இடம் பொருத்தும், மையம் விலகிய முளை) போட்டுத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 7, 14, 21 தௌ அளவுகளில் டவல்கள் கிடைக்கின்றன. ஒரு மாலைப்பொழுது போனாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

பாக்ஸை ஏற்றும்போது போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கவே கூடாது. கையால் தள்ளிப் பெல்ஹவுசிங்கோடு ஒட்ட வேண்டும். கடைசி அரை அங்குலம் நிற்கிறதென்றால் கிளட்ச் தட்டு மையத்தில் இல்லை, அல்லது பைலட் புஷ் இறுக்கம். இழுத்தால் அலுமினியக் காது உடையும்.

பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். யோக்கை முழுக்க உள்ளே தள்ளி, முக்கால் முதல் ஒரு அங்குலம் வெளியே இழுத்து அங்கிருந்து அளந்து வெட்டக் கொடுங்கள். பாக்ஸின் வால் மூன்று டிகிரி கீழே என்றால் பினியன் (ஆக்ஸிலின் முன்கியர்) மூக்கு ஏறக்குறைய அதே அளவு மேலே. வித்தியாசம் ஒரு டிகிரியைத் தாண்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு வரும். ஓவர்டிரைவில் ஷாஃப்ட் என்ஜினைவிட வேகமாகச் சுழல்வதால் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

கிளட்சை எண்ணெய் அழுத்தத்தால் விடுவிக்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் போடுபவர்கள், பேரிங்குக்கும் கிளட்ச் விரல்களுக்கும் இடைவெளியை அதோடு வரும் தாளில் உள்ளபடி ஷிம் (மெல்லிய தகடு) வைத்துக் கொண்டுவாருங்கள். பெடலுக்கு ஒரு ஸ்டாப் கட்டாயம். அளவுக்கு மீறி மிதித்தால் பேரிங் சீல் வெளியே வந்துவிடும்.

எண்ணெய் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), டெக்ஸ்ரான் III வகை. கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் சிங்க்ரோ பிடிக்காது. நிரப்பும் ஓட்டையிலிருந்து வழியும் வரை ஊற்றுங்கள். முதல் 500 மைல் இழுத்து ஓட்டாதீர்கள். புதுசில் இரண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட ஓடப் பழகிவிடும்.