டிக்டேஷனுக்கு எந்தக் குரல்: அமெரிக்கமா, இந்தியமா?
கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளில் இப்போது பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் டிக்டேஷன் போடுவது போன்தான்; நாம் டைப் செய்யும் வார்த்தையை அது வாசித்துச் சொல்லும். அமெரிக்கக் குரல் கேட்க இனிமை. ஆனால் உயிரொலிகளுக்கு நடுவில் வரும் 'ட்'டை அது மென்மையாக்கிவிடும். 'மெட்டல்', 'மெடல்' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். உலோகத்துக்குப் பதில் பிள்ளை பதக்கத்தை எழுதி வைக்கும், பாவம். 'இசட்' என்ற எழுத்தும் அதில் 'ஸீ' ஆகி, 'சி'யோடு குழம்பும்.

இந்திய ஆங்கிலக் குரலில் 'ட்' அழுத்தமாக விழும். டீச்சர் சொல்வதுபோல இருப்பதால் சின்ன வகுப்புகளுக்கு என் ஓட்டு இதற்கே. 'வி', 'டபிள்யூ' வேறுபாடு மட்டும் சில சமயம் தெளியாது. 'வெஸ்ட்' என்றால் திசையா, உடையா? வார்த்தையோடு ஒரு வாக்கியமும் டைப் செய்துவிட்டால் சரி.

அப்புறம், எதை எடுத்தாலும் வேகத்தைக் குறைத்து, குரலை முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள். மழையில் சிக்னல் போனாலும் டிக்டேஷன் நிற்காது.