போட்டிக்கான மாடித்தோட்டமும் 5 கிலோ கோகோபீட் கட்டியும்: ஒரு மதிப்பீடு

அடுக்ககக் குடியிருப்புகளில் நடக்கும் தோட்ட வடிவமைப்புப் போட்டிகளில் முதன்முறையாகப் பெயர் கொடுப்பவர்கள் எந்தச் செடியை வாங்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால், இரண்டு வார இறுதிகளுக்குள் வெறும் மொட்டை மாடியின் ஒரு மூலையைத் தோட்டமாக மாற்றிக் காட்ட வேண்டியவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தொட்டிகளில் எதை நிரப்புவது என்பதையே. கோவையில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பில் பொங்கலை ஒட்டி நடந்த அத்தகைய போட்டிக்காக நான் வாங்கிப் பயன்படுத்திய, அழுத்திக் கட்டியாக்கப்பட்ட 5 கிலோ கோகோபீட் பற்றியது இந்த மதிப்பீடு. பொள்ளாச்சி வட்டாரத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலைகள் ஏராளம். அந்த ஆலைகளில் ஒருகாலத்தில் குப்பையாகக் குவிந்து கிடந்த நார்த்தூளே இன்று இவ்வாறு கட்டியாகி விற்பனைக்கு வருகிறது. எந்தத் தயாரிப்பாளரின் கட்டியானாலும் இங்கே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இதன் முதற்சிறப்பு எடைக்குறைவு. மாடியில் இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. ஆட்கள் ஏறி நடமாடும் தட்டையான கூரைக்கு, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ, மேற்சுமை என்று வைத்து வடிவமைக்கும்படி ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரவிதி சொல்கிறது. ஈரமான தோட்டமண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கும். அதை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டிவிடும். போட்டியின் பரபரப்பில் லாரியில் செம்மண்ணை இறக்கி மாடியில் பாத்தி கட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. 5 கிலோ கட்டியோ ஊறி விரிந்தால் சுமார் 70 லிட்டர் கொள்ளளவுக்கு வரும். குடித்த நீரையும் சேர்த்தால்கூட அதன் எடை 27 கிலோ அளவில்தான் இருக்கும். அதே 70 லிட்டர் ஈரமண் 100 கிலோவைத் தாண்டும். காய்ந்த கட்டியை ஒருவரே இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிடலாம் என்பது, உதவிக்கு ஆள் கிடைக்காத சனிக்கிழமைக் காலையில் பெரிய ஆறுதல்.

ஊறவைப்பது எளிது, ஆனால் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். குளியலறை வாளி போதாது. குழந்தைகள் குளிக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியோ, தார்ப்பாயை மடித்துக் கட்டிய தற்காலிகத் தொட்டியோ தேவை. 20 முதல் 25 லிட்டர் வரை நீர் வேண்டும். அதைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மேற்பகுதி பொலபொலவென்று உதிர்ந்த பிறகும் நடுப்பகுதி நெடுநேரம் செங்கல்லாகவே இருக்கும். வெந்நீர் ஊற்றினால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது. நேரநெருக்கடியில் இருப்பவருக்கு இந்தப் பொருள் செய்யும் மெய்யான உதவி இதுதான்: கல், கண்ணாடித்துண்டு, களைவிதை எதுவும் இல்லாத, சலிக்கத் தேவையில்லாத, செடி நடும் ஊடகம் ஒரே காலைப்பொழுதில் தயாராகிவிடுகிறது.

தயாராகிறது என்று சொன்னேனே தவிர, உடனே நடலாம் என்று சொல்லவில்லை. உறையின்மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், வாங்குபவர் கண்ணில் படாமல் போகும் செய்தி உப்பு. தென்னை தன் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவற்றை இயல்பாகவே சேர்த்து வைக்கும். மட்டையை உப்பங்கழி நீரில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் உப்பின் அளவு இன்னும் கூடும். உப்பு கூடினால் மின்கடத்துதிறனும் கூடும் என்பதால், உப்பின் அளவை மின்கடத்துதிறனாக, இ.சி. என்ற குறியோடு, உறையில் தருகிறார்கள். சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் அது கழுவிய, லோ இ.சி. வகை, கழுவாத வகையில் இது பல மடங்கு இருக்கலாம். விலை வேறுபாடு சில பத்து ரூபாய்கள்தான் என்பதால் கழுவிய வகையையே வாங்குவது நல்லது. நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும், ஆர்.ஓ. நீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். கைக்கருவி வீட்டில் இருந்தால், ஊறிய தூளைப் பிழிந்து வரும் நீரில் அதை வைத்துப் பார்க்கலாம். என் கட்டியில் முதற்பிழிவுக்கும் மறுகழுவலுக்கும் இடையே அது காட்டிய அளவு நன்றாகவே இறங்கியது. கோவையில் இதற்குச் சிறுவாணிக் குழாய் நீர் வாய்ப்பது ஒரு நற்பேறு. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் எத்தனை முறை அலசினாலும் அந்த நீரின் உப்புக்குக் கீழே தூளின் உப்பு இறங்காது.

கழுவினாலும் தீராத இன்னொரு குறையும் உண்டு. நார்த்துகள்கள் தம் மேற்பரப்பில் சோடிய, பொட்டாசிய அயனிகளைப் பிடித்து வைத்திருக்கும்; கால்சியம் வந்தால் இவற்றை விட்டுவிட்டு அதைப் பற்றிக்கொள்ளும். செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை ஊடகமே உண்டுவிடுவதால் தக்காளிக் காயின் அடிப்பகுதி கருத்து அழுகலாம். கால்சியம் நைட்ரேட் கரைசலில் முன்கூட்டியே ஊறவைத்து, ‘பஃபர்டு’ என்று அச்சிட்டு விற்கும் வகை இதற்குத் தீர்வு. நடுவர்கள் வரும் நாள்வரை கீரையும் பூச்செடியும் பசுமையாக நின்றால் போதும் என்பவருக்கு இந்தக் கூடுதல் செலவு வீண். தக்காளி, மிளகாய் என்று அடுத்த பருவத்தையும் மனத்தில் வைத்திருப்பவருக்கு அவசியம்.

“மண்ணே இல்லாம செடி எதைத் தின்னு வளருமுங்க?” என்று கீழ்வீட்டுப் பெரியவர் கேட்டார். கேள்வி சரியானதே. கோகோபீட்டில் நீர் நிற்கும், காற்று நிற்கும், உணவு இல்லை. தழைச்சத்து இதில் மிகக் குறைவு: மக்காத நார்த்தூளில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்ற அளவில் இருப்பதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் குறிப்புகள் கூறுகின்றன. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கச்செய்தால் அது 24:1 ஆகக் குறையும். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். போட்டியாளரிடம் அந்த ஒரு மாதம் இல்லை. ஆகவே நான் கையாண்ட கலவை எளியது: ஊறிய கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, செடி வளர்க்கும் பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, கொஞ்சம் அசோஸ்பைரில்லம் என்னும் நுண்ணுயிர் உரமும், வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி பூஞ்சையும். செம்மண் சேர்ந்தால் எடை சற்றுக் கூடும்; ஆனால் உயரமான செடி காற்றில் சாயாமல் நிற்க அந்தப் பிடிமானம் தேவைப்படுகிறது. வெறும் கோகோபீட்டில் நட்ட குரோட்டன்ஸ், மார்கழிக் காற்றில் பையோடு ஆடுவதைப் பக்கத்து மூலைப் போட்டியாளரின் தோட்டத்தில் எல்லோரும் பார்த்தோம்.

விதை போட்டு வளர்க்க நேரமில்லாதபோது நாற்றங்கால் செடிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே கோகோபீட் ஒரு நுட்பமான சிக்கலை உண்டாக்குகிறது. ஆந்திரத்தின் கடியம் பக்கத்திலிருந்து நம் ஊர் நாற்றங்கால்களுக்கு வரும் செடிகள் பல, இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அவற்றை அப்படியே இந்த இலகுவான கலவையில் புதைத்தால், ஊற்றும் நீர் சுற்றியுள்ள தூளின் வழியே இறங்கிவிடும். உருண்டையின் உட்பகுதி காய்ந்தே கிடக்கும். சுற்றிலும் ஈரம் இருக்க, செடி மட்டும் வாடும். நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளி நீரில் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணைப் பாதி கரைத்துவிட்டு நட்டால் வேர் புதிய கலவைக்குள் தயக்கமின்றி இறங்குகிறது. இந்த ஒரு செய்தியை எந்த உறையிலும் நான் காணவில்லை. இடைவெளிகளில் தூவிய வெந்தயம் மூன்று நான்கு நாள்களில் முளைத்து, போட்டி நாளுக்குள் பசும்போர்வை விரித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட விரைவான அலங்காரம் கிடையாது.

பயன்பாட்டில் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். மேற்பரப்பு விரைவில் காய்ந்து வெளிறிவிடுவதால் நீர் போதவில்லை என்று கண் ஏமாறும். விரல் ஆழத்தில் தொட்டுப் பார்க்காமல் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். அடுத்தது, தோட்ட அழகுக்கே மதிப்பெண் தரும் இடத்தில் பெரிய குறை: முதல் சில வாரங்களுக்குப் பையிலிருந்து வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். மட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அது. வெள்ளை ஓடு பதித்த குளிர்தளத்தில் அந்தக் கறை துடைத்தாலும் எளிதில் போகாது. பைகளுக்கு அடியில் தட்டு வைப்பதும், நடுவர்கள் வருமுன் காலையில் நீர் ஊற்றாமல் முந்தைய மாலையே ஊற்றிவிடுவதும் போதுமான காப்பு. எங்கள் மூலைக்கு முதன்முறையாளர் பிரிவில் மூன்றாம் இடம் கிடைத்தது. தளம் சுத்தமாக இருந்ததை நடுவர்கள் தனியே குறிப்பிட்டார்கள்.

விலை 200 ரூபாயை ஒட்டி இருந்தது. 650 கிராம் செங்கல்களாகவும் இது கிடைக்கிறது. ஒன்று விரிந்தால் எட்டு ஒன்பது லிட்டர்தான் வரும். நான்கைந்து தொட்டிகளுக்கு அதுவே போதும். அதற்கு மேல் என்றால் 5 கிலோ கட்டிதான் கட்டுப்படியாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி மூலையில் நடுத்தர அளவுப் பைகளாக அடுக்குபவருக்கு, மேற்சொன்ன கலவை விகிதத்தில், இரண்டு கட்டிகள் தாராளம். எளிதில் மக்காத லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுந்திருப்பதால் தூள் விரைவில் மக்கிப் போவதில்லை. பருவம் முடிந்ததும் பழைய வேர்களை நீக்கி, வெயிலில் காயவைத்து, புதிதாக மண்புழு உரம் சேர்த்து அதே கலவையை அடுத்த நடவுக்கு நிரப்பலாம். போட்டியின்போது நிரப்பிய பைகளில் இப்போது கத்தரி நிற்கிறது. உரத்தைத் தவிர புதிதாக எதுவும் வாங்கவில்லை.