ஆஸ்டியோபதி பட்டப்படிப்பு: நான்கு ஆண்டுகளில் கைக்கு என்ன கிடைக்கிறது?

ஆஸ்டியோபதி என்பது தசை, மூட்டு, முதுகு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை முறை. மாணவர்கள் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி கிளினிக் வலுவாக இருந்தால் அதில் பட்டம் படிக்கத் தகுந்தது. அந்தக் கிளினிக் ஒப்புக்கு நடந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் நான்கு ஆண்டுக் கட்டணம் வீண். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பயிற்சி அளவுகோல், மருத்துவப் பின்னணி இல்லாமல் வருபவருக்கு 4,200 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது 1,000 மணி, மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்ப்பதில் கழிய வேண்டும். பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொது ஆஸ்டியோபதி கவுன்சிலும் வழக்கமாக அதே 1,000 மணியை எதிர்பார்க்கிறது, கூடவே குறைந்தது 50 புதிய நோயாளிகளையும். பிரான்ஸ் இன்னும் கண்டிப்பு: 2014 ஆணைப்படி ஐந்து ஆண்டு, 4,860 மணி, அதில் 1,500 மணி கிளினிக். வார இறுதி வகுப்பையும் காணொளியையும் வைத்துச் சான்றிதழ் தருகிற படிப்புகளை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். ஏற்கெனவே மருத்துவமோ பிசியோதெரபியோ படித்தவருக்குச் சுருக்கமான பாதை உண்டு. அதற்கும் ஏறக்குறைய 1,000 மணி ஆகும்.

இந்தப் பட்டம் எங்கே செல்லும் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். கைச்சிகிச்சை அந்த மருத்துவப் படிப்பில் சுமார் 200 மணி நேரப் பகுதி மட்டுமே. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபாத் என்பவர் தசை, மூட்டு, முதுகு வலிக்கு நோயாளிகள் நேரடியாக வந்து பார்க்கும் கைச்சிகிச்சை வல்லுநர். பிரிட்டனில் 1993 சட்டத்தின் கீழ் பதிவு செய்யாமல் அந்தப் பெயரில் தொழில் நடத்துவது குற்றம். வேறு பல நாடுகளில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டமே கிடையாது. ஆகவே படிக்கப்போகும் நாட்டின் விதிகளுக்கு முன், பிழைக்கப்போகும் நாட்டின் விதிகளைப் படித்துவிடுங்கள். இங்கே மதிப்பிடுவது பிரிட்டன் பாணியிலான, நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பை.

முதல் ஆண்டின் பெரும்பகுதி உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். படத்தைப் பார்த்துப் பெயர்களை மனப்பாடம் செய்கிறவர்கள் எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறையில் தடுமாறுவார்கள். நல்ல துறையில் ஒவ்வொரு பாடமும் அதே வாரம் உயிருள்ள உடலில் தொட்டுச் சரிபார்க்கப்படும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறக்குறைய 7-ஆம் மார்பு முள்ளெலும்பின் மட்டம். இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு 4-ஆம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டம். கழுத்தடியில் துருத்தி நிற்பது 6-ஆவது கழுத்து முள்ளெலும்பா 7-ஆவதா என்று சந்தேகம் வந்தால் இரண்டின் மேலும் விரல் வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்ல வேண்டும். 6-ஆவது விரலுக்கடியிலிருந்து முன்னே நழுவும், 7-ஆவது அசையாமல் நிற்கும். இந்த அடையாளங்கள் எல்லாமே ஆளுக்கு ஆள் ஓர் எலும்பு மேலே கீழே போகக்கூடியவை. அதைச் சொல்லித் தராத ஆசிரியர், மாணவருக்குத் தவறான நம்பிக்கையைத்தான் கொடுக்கிறார்.

இரண்டாம் ஆண்டில் செய்முறை வகுப்பு சூடுபிடிக்கிறது, கல்லூரிக்குக் கல்லூரி தரம் பிரிவதும் இங்கேதான். தசை ஆற்றல் நுட்பத்தை எடுத்துக்கொள்வோம். இறுகிய தசையைத் தடை தெரியும் இடம்வரை நீட்டி, நோயாளியை எதிர்த்திசையில் மெல்லத் தள்ளச் சொல்லி, 3 முதல் 5 விநாடி அசையாமல் தாங்கி, முழுதாகத் தளர்ந்த பிறகு புதிய தடைவரை நகர்த்துவது. இப்படி 3 முதல் 5 முறை. காகிதத்தில் எளிது. வகுப்பில் நடப்பது மல்யுத்தம்: நோயாளியாகப் படுத்திருக்கும் சக மாணவர் முழு பலத்தோடு தள்ளுவார், பக்கத்துத் தசைகளெல்லாம் சேர்ந்து இறுகும், குறிவைத்த தசைக்கு ஒன்றும் நடக்காது. தளர்வதற்கு நேரம் கொடுக்காமல் உடனே நீட்டுவது அடுத்த பிழை.

மூட்டைச் சட்டென்று நெகிழ்த்தும் உந்தல் நுட்பத்துக்கு இன்னும் நெருங்கிய கண்காணிப்பு தேவை. இடுப்பு முதுகுக்கு நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, முள்ளெலும்பு இடைவெளி விரியத் தொடங்குவதை விரலால் உணர்ந்து நிறுத்தி, மேலுடலைத் திருப்பி அந்த மட்டத்தில் பூட்டுகிறார்கள். பிறகு வேகமான, மிகக் குறுகிய உந்தல். தோல்வியடையும் உந்தல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உந்தலுக்கு முன்பே இருக்கும். மேசை உயரமாக இருந்தால் உடல் எடை பயன்படாமல் கை மட்டும் வேலை செய்யும். அளவுக்கு மீறித் திருப்பினால் நோயாளி வலியில் இறுகுவார். பூட்டு சரியாக விழாததை வேகத்தால் ஈடுகட்ட மாணவர் முயல்வார். ‘டக்’ என்ற சத்தம் வந்தால் வெற்றி என்று நினைக்கவிடும் வகுப்பு மோசமான வகுப்பு. கழுத்து உந்தலுக்கு முன் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், புதிதாக வந்த கடும் தலைவலி, ரத்த அழுத்தம் இவற்றைக் கேட்டும் அளந்தும், நோயாளியின் ஒப்புதல் பெற்றும்தான் கை வைக்க வேண்டும். கழுத்துத் தமனி கிழிவது அரிது, ஆனால் நேர்ந்தால் பக்கவாதம்வரை போகும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லாத பாடத்திட்டத்தை ஏற்க முடியாது.

கட்டைவிரலைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியையும் கேட்டுக் கற்க வேண்டும். திசுவை அழுத்த எப்போதும் விரல்நுனியையே பயன்படுத்துகிறவருக்கு படிப்பு முடிவதற்குள் கட்டைவிரல் அடிமூட்டில் வலி வந்துவிடும். முன்கை, முழங்கை, உள்ளங்கை மேடு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பழக்கும் ஆசிரியர் கிடைத்தால் அது பெரிய வரம்.

மூன்றாம், நான்காம் ஆண்டுகள் கிளினிக்குக்கு உரியவை. மாணவரே நோய் வரலாறு கேட்டு, சோதித்து, மேற்பார்வையாளரிடம் தன் ஊகத்தைச் சொல்லி வாதிட்டு, அனுமதி கிடைத்த பிறகு சிகிச்சை செய்கிறார். காலுக்கு வலி பரவினால் முழங்கால் அனிச்சை 3, 4-ஆம் இடுப்பு நரம்புக்கு, கால் பெருவிரலை மேலே தூக்கும் பலம் 5-ஆவதற்கு, கணுக்கால் அனிச்சை முதலாம் திரிக (முதுகின் அடி) நரம்புக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இருக்கைப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைபடுதல், இரு கால்களிலும் வலி என்று வந்தால் கை வைக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இந்தப் படிப்பின் மிக உயர்ந்த பயன் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து: யாரைத் தொடக்கூடாது என்று அறிந்தவர் வெளியே வருகிறார்.

இனி குறைகள். 1874-இல் ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் முன்வைத்த கொள்கைகளை வரலாறாகக் கற்பிக்காமல் வேதவாக்காகக் கற்பிக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஒரே முதுகை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் எந்த எலும்பு இறுகியிருக்கிறது என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. வலி எங்கே இருக்கிறது என்பதில்தான் ஒத்துப்போகிறார்கள். தலையை மெல்லத் தொட்டுச் செய்யும் மண்டையோட்டு ஆஸ்டியோபதியில், உள்ளே இருப்பதாகச் சொல்லப்படும் தாளத்தை இரண்டு பேர் ஒன்றுபோல உணர்கிறார்கள் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, ஆனாலும் பாடத்திட்டம் அதற்கு இடம் ஒதுக்குகிறது. இடுப்பு முதுகு வலிக்குக் கைச்சிகிச்சையின் பலன் மிதமானது, உடற்பயிற்சியோடு சேரும்போது பயன்படக்கூடியது. உடற்பயிற்சியை எப்படிப் பரிந்துரைப்பது, எந்த அளவில் தொடங்கி எப்படி ஏற்றுவது என்பதற்குப் பல படிப்புகள் கொடுக்கும் நேரம் போதாது. தொழில் நடத்தும் கணக்கு வழக்குக்கும் அதே கதிதான். படித்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் சுயதொழில் செய்யப்போகிறவர்கள் என்பதால் இது சிறிய குறை அல்ல.

உடல் உழைப்பும் கூச்சமும் விளம்பர ஏட்டில் இருக்காது. செய்முறை வகுப்பில் உள்ளாடையோடு அல்லது குட்டை உடையோடு மற்றவர்களுக்கு உடலைக் காட்டிப் பழக வேண்டும். அதற்குத் துறை வைத்திருக்கும் ஒழுங்குமுறை எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டத்துக்குப் பிறகும் படிப்பு ஓயாது: பிரிட்டனில் மூன்று ஆண்டுக்கு 90 மணி தொடர்பயிற்சி, அதில் 45 மணி மற்றவர்களோடு சேர்ந்து கற்பது.

கல்லூரியை நேரில் பார்க்கும் நாளில் நூலகத்தை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், போன மாதம் எத்தனை புதிய நோயாளிகளைப் பார்த்தார், எத்தனை பேர் வராமல் போனார்கள், ஒரே நேரத்தில் ஒரு மேற்பார்வையாளர் எத்தனை அறைகளைக் கவனிக்கிறார் என்று கேளுங்கள். முதுகு வலி மட்டுமே வருகிறதா, குழந்தைகள், கர்ப்பிணிகள், விளையாட்டுக் காயங்களும் வருகின்றனவா என்றும் கேளுங்கள். நோயாளிகள் குறைவு, காத்திருந்தே மணிக்கணக்கை நிரப்புகிறோம் என்ற பதில் வந்தால் வேறு கல்லூரி தேடுங்கள்.