கை நடுக்கத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் ஒரே ஓ.பி. சீட்டு: கடற்கரைக் குடிநோய் மருத்துவமனை ஒன்றைப் பற்றி

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றில், வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் திறக்கும் சிறிய குடிநோய் மருத்துவமனையைப் பற்றியது இந்த மதிப்புரை. விசைப்படகில் டிரைவராக இருக்கும் என் மச்சானை அங்கே அழைத்துச் சென்று, தொடர்ந்து உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் போடக் கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

குடியை நிறுத்தச் சொல்லும் இடங்கள் நம் பக்கத்தில் பல உண்டு. குடிக்குப் பின்னால் நிற்கும் பதற்றத்தையும் அதே மேசையில் வைத்துப் பேசும் இடம் அரிது. இந்த மருத்துவமனையின் சிறப்பு அதுதான். "பயம் போகத்தான் டாக்டர் குடிக்கிறேன், இல்லன்னா நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கு" என்று மச்சான் சொன்னதும், மருத்துவர் அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து, அதில் நீளமாகக் கோடிழுத்து, இருபத்து நான்கு மணி நேரத்தையும் குறித்தார். எத்தனை மணிக்குக் குடிக்கிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார், எப்போது விழிப்பு வருகிறது, படபடப்பு எந்த நேரத்தில் மிகுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்தக் கோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். இரவு எட்டு மணிக்குக் குவார்ட்டர். விடியற்காலை மூன்றரைக்கு வியர்த்து விறுவிறுத்து விழிப்பு.

அதன் பிறகு அவர் போட்டுக் காட்டிய கணக்கு, நான் அங்கே கேட்டவற்றுள் மிகவும் பயனுள்ளது. கன அளவில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. உடல் அதை மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வீதமே கழிக்கிறது. ஆகவே எட்டு மணிக்கு உள்ளே போனது விடியலை ஒட்டித்தான் முழுவதும் இறங்குகிறது. மூளையை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் பலத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது இறங்கிய பின்னும் அந்த எதிர்பலம் இறங்குவதில்லை. கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, ஏதோ நடக்கப் போகிறது என்ற திகில் எல்லாம் அதிலிருந்து கிளம்புபவை. அந்த நேரத்தில் ஒரு கட்டிங் போட்டால் பயம் தணிவதும் உண்மையே. ஆனால் தணிக்கும் அதே பொருள்தான் அடுத்த விடியலுக்கான பயத்தையும் உண்டாக்கி வைக்கிறது. மச்சான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரிடம் குடியைப் பற்றிப் பேசிய எவரும் அதுவரை கடிகாரத்தைக் காட்டிப் பேசியதில்லை.

எல்லாப் பயத்தையும் குடியின் கணக்கில் எழுதிவிடாததையும் பாராட்ட வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆண்டுகளில் செய்த ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக்கு அருகில் வலை இழுப்பவருக்கு, ரோந்துப் படகின் வெளிச்சத்தைக் கண்டதும் வயிறு கலங்குவது நோயாகாது. சிறைப்பட்ட படகுகளையும் ஆட்களையும் எல்லா ஊரிலும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் வேறு தலைக்கு மேல் நிற்கிறது. காரணம் உள்ள பயம் எது, கரையில் பாயில் படுத்திருக்கும்போது காரணமே இல்லாமல் வரும் பயம் எது என்று மருத்துவர் பிரித்துக் கேட்டார். முதலாவதை மருந்து தீர்க்காது என்பதையும் மழுப்பாமல் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம், ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை போன்றவை வழக்கமானவை, விரைவாகவே முடிந்தன. மருந்து தொடங்கும் முன் அவர்கள் வற்புறுத்திய ஒன்றை மட்டும் கடலோரத்தார் அனைவரும் கவனிக்க வேண்டும். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பின் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளை ஒட்டி, பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதுமான உயிராபத்து நிலையும் சிலருக்கு ஏற்படலாம். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்பட்டு மறுநாள் காலை கரைக்குத் திரும்பும் விசைப்படகில் இருப்பவருக்கு, "இன்றோடு விட்டுவிட்டேன்" என்று நல்ல மனத்தோடு சபதம் செய்யும் நாளே ஆபத்தான நாளாகிவிடக்கூடும். நடுக்கடலுக்கு 108 வராது. முதல் பத்து நாள்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தத் தாளைக் காட்டியதால் சம்மாட்டியும் வேறு ஆளை ஏற்றிக்கொண்டார்.

முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். பிறகு நடுக்கத்துக்கான குளோர்டயசெபாக்சைடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துவரும்படி கொடுத்தார்கள். அதை மச்சான் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, மேலே சூரியனும் நிலாவும் வரைந்து, என் அக்காவிடம் ஒப்படைத்தார்கள். இவ்வகை மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம் என்பதையும், நீண்டகாலம் தின்றால் மாத்திரையே இன்னொரு பழக்கமாகிவிடும் என்பதையும் அக்காவிடமே விளக்கினார்கள். பதற்றத்துக்கென்று தனி மருந்து உடனே தரவில்லை. "பயத்துக்குத்தானே வந்தேன்" என்று மச்சானுக்கு வருத்தம்தான். குடியால் வந்த பதற்றம் குடி நின்ற சில வாரங்களில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும், அதற்குப் பின்னும் எஞ்சுவது எது என்று பார்த்துத்தான் மருந்து எழுத வேண்டும் என்பது மருத்துவரின் விளக்கம். நடந்ததும் அவ்வாறே. விடியற்காலைத் திகில் அடங்கியது. கூட்டத்தில் நாலு பேர் முன் பேசுவதற்கு இளவயது முதலே இருந்த கூச்சமும் நடுக்கமும் அப்படியே நின்றன. அதற்குத்தான் பதற்றத்துக்கான செர்ட்ராலின் மாத்திரையும் பேச்சு வழிச் சிகிச்சையும் பின்னர் தொடங்கின.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் பெஞ்சு சாலையைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கிறது. பேருந்தில் போகிறவர்கூட யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகலாம். ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட மாவட்டம் இது. மனநலச் சிகிச்சை என்றாலே சங்கிலியும் கொட்டகையும் நினைவுக்கு வரும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு தட்டியை வைத்து மறைக்க எவ்வளவு செலவாகிவிடும்? திறந்திருக்கும் மாலைகளில் ஒன்று கடலுக்குப் போகும் நாளோடு மோதுகிறது. நாள் தவறினால் அடுத்த முறை வரிசையின் கடைசியில்தான் இடம். ஆலோசகர் நல்ல மனிதர், ஆனால் பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறார், நாட்டுப்படகுக்காரர்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து "என்ன சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். குடிப்பவரின் மனைவிக்கு வரும் பதற்றத்தைப் பற்றிப் பேச இங்கே தனி நேரம் ஒதுக்கப்படவில்லை. கணவனின் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தூங்காத என் அக்காவிடம், மாத்திரைப் பொட்டலத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் எவரும் கேட்கவில்லை. இந்த மருத்துவமனையின் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

பேருந்து நிலையச் சுவர்களில் "குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுக்கலாம்" என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் இங்கேயும் வருகிறார்கள். அப்படிக் கலக்கப்படுவது, மதுவை உடலுக்கு ஒவ்வாததாக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தாக இருந்து, அதன்மேல் அவர் குடித்தும்விட்டால், முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஏற்கெனவே பதற்றம் உள்ளவருக்குக் காரணம் புரியாத அந்தப் படபடப்பு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் கொடுக்க மருந்து கேட்டு வந்த ஓர் அம்மாவை இவர்கள் கடிந்துகொள்ளாமல் உட்கார வைத்து, மகன் வராவிட்டாலும் நீங்கள் மட்டுமாவது மாதம் ஒருமுறை வாருங்கள் என்று சொன்னதைக் கேட்டேன்.

பதிவுக் கட்டணம் நூறு ரூபாய், மருந்து தனி. முன்பு வலிப்பு வந்தவர்கள், காலையில் எழுந்ததும் குடிக்காமல் எழுந்து நிற்க முடியாதவர்கள், ஈரல் கெட்டுக் கால் வீங்கியவர்கள் இங்கே வராமல், நேரே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதே சரி. படுக்கை வசதி இங்கே இல்லை, இவர்களும் அங்கேதான் அனுப்புகிறார்கள். நள்ளிரவில் திகில் மிகும்போது பேசுவதற்கு 14416 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆண்கள் கரையிலேயே இருப்பதால் கூட்டம் மிகுதி. ஆனால் கடலுக்குப் போகாமல் சிகிச்சை எடுத்துக்கொள்ள அதுவே தோதான காலம் என்பதால், ஏப்ரல் தொடக்கத்திலேயே பெயரைப் பதிந்து வைப்பது நல்லது. போகும்போது, கடையில் தானாக வாங்கித் தின்ற தூக்க மாத்திரைகளின் காலி அட்டைகள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.